தமிழில் உங்களுக்கு மிகவும் பிடித்த சிறுவர் கவிஞர் யார்? ஏன்?

நவாலியூர் சோமசுந்தரப் புலவர்.

தமிழ்நாட்டு நண்பர்களிடம் இதைக் கேட்டால் அழ. வள்ளியப்பா என்பார்கள், சிலர் கவிமணி என்பார்கள். எனக்கும் அவர்களைப் பிடிக்கும். ஆனால் யாழ்ப்பாணத்தில் சின்ன வகுப்புப் படித்த யாரையாவது பிடித்துக் கேட்டுப் பாருங்கள். வேலைக்குப் போய்ப் பென்சன் எடுத்தவராக இருந்தாலும் "ஆடிப் பிறப்புக்கு நாளை விடுதலை, ஆனந்தம் ஆனந்தம் தோழர்களே" என்று பாடத் தொடங்கிவிடுவார். எழுதியவர் பெயர் சிலருக்கு மறந்திருக்கும், பாட்டு மறந்திராது. அந்தப் பாட்டுக்காரர்தான் இவர். எங்கள் ஊர்ப்பக்கம் 'தங்கத் தாத்தா' என்றால் எல்லோருக்கும் தெரியும்.

1878இல் பிறந்து 1953இல் மறைந்தவர். கவிமணியைவிட இரண்டு வயது இளையவர், அவருக்கு ஒரு வருடம் முன்னால் போய்ச் சேர்ந்தார். பாக்கு நீரிணைக்கு இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே காலத்தில் இரண்டு பேர் பிள்ளைகளுக்காகப் பாட்டுக் கட்டிக்கொண்டிருந்திருக்கிறார்கள். ஊர் நவாலி, மானிப்பாயை ஒட்டியது. என் வயதுக்காரர்களுக்கு நவாலி என்றதும் முதலில் வருவது வேறொரு ஞாபகம். 1995 யூலை 9ஆம் திகதி, இடம்பெயர்ந்து வந்து சென் பீற்றர்ஸ் தேவாலயத்தில் தங்கியிருந்த சனத்தின் மேல் குண்டு விழுந்து நூற்றுக்கு மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். அந்த ஊரின் பெயரை இன்னொரு காரணத்துக்காகவும் சொல்ல முடிவது எனக்கு ஆறுதல்.

தொழில் ஆசிரியத் தொழில். வட்டுக்கோட்டையில் ஓர் இந்து ஆங்கிலப் பாடசாலையில் நீண்ட காலம் படிப்பித்தார். வெறும் பிள்ளைப் பாட்டுக்காரர் என்று நினைத்துவிட வேண்டாம். கதிர்காமத்து முருகன் மேல் 'கதிரைச் சிலேடை வெண்பா', தன் ஊர் முருகனுக்கு 'அட்டகிரிக் கலம்பகம்', 'உயிரிளங்குமரன்' என்று ஒரு நாடகம், பனையைப் பற்றி 'தாலவிலாசம்', நாட்டைப் பற்றி 'இலங்கை வளம்' என்று நிறைய எழுதியவர். மகன்மாரில் இளமுருகனாரும் நடராசனும் தாங்களும் எழுதிப் பெயர் எடுத்தவர்கள். சிலேடை வெண்பாக்களை உரை இல்லாமல் என்னால் நாலைந்துக்கு மேல் தாண்ட முடியவில்லை என்பதை ஒளிக்கவில்லை. அவற்றைப் பண்டிதர்கள் பார்த்துக்கொள்ளட்டும். ஆனால் அந்தப் பயிற்சி வீண்போகவில்லை. நாலு வரிக்குள் இரண்டு பொருளை அடக்கப் பழகிய கை, பிள்ளைகளுக்கு எழுதும்போது ஒரு சொல்லைக்கூடச் சும்மா போடுவதில்லை.

ஆடிப்பிறப்புப் பாட்டையே எடுங்கள். முதல் இரண்டு வரியில் கொண்டாட்டம் முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு முக்கால்வாசிப் பாட்டும் சமையல்தான். பயறை வறுத்துக் குத்து, பச்சையரிசியை இடித்துத் தெள்ளு, பருப்பை அவி, மாவைப் பதமாக வறு, தேங்காயை உடைத்துத் துருவு, சர்க்கரையைக் கல, மாவைக் குழைத்துத் திரட்டு, வில்லை வில்லையாகக் கிள்ளித் தட்டு, உள்ளே இனிப்பை வை. கொழுக்கட்டை முடிந்த பிறகு கூழ் தொடங்குகிறது. தேங்காய்ப்பூவைப் பிழிந்து, பனங்கட்டி போட்டு, மாவுண்டையும் பயறும் இட்டு, கடைசியில் மாவைக் கரைத்து வார்த்துத் துழாவ வேண்டும். எந்த இடத்திலும் ஒழுங்கு பிசகவில்லை. அம்மாவிடம் ஒருமுறை கேட்டேன், இந்தப் பாட்டை மட்டும் வைத்துக்கொண்டு சமைக்கலாமோ என்று. "ஒழுங்கு சரி, அளவுதான் இல்லை. சுடுதண்ணி எண்டும் சொல்லேல்லை. பச்சைத் தண்ணியில குழைச்சால் கொழுக்கட்டை வெடிச்சுப் போகும்" என்றார். பிறகு தானே, "அது அந்தக் காலத்துப் பொடியளுக்குத் தெரிஞ்சிருக்கும்" என்று புலவருக்காகப் பரிந்தும் பேசினார்.

எனக்கு இதில் பிடித்தது, பிள்ளை நிற்கும் இடம். குசினியில் வேலை முழுவதும் அம்மாவினுடையது. பிள்ளை பார்த்துக்கொண்டே நிற்கிறது, வாயூறுகிறது. பிள்ளைக்கு வேலை கடைசியில்தான் வருகிறது. முற்றத்துக்கு ஓடிப்போய்ப் பலாவிலை பொறுக்கி வந்து மடித்துக் கோல வேண்டும். அம்மா அகப்பையால் அள்ளி வார்ப்பது அந்த இலைக்குள்ளேதான். பலாவிலையில் கூழ் குடித்தவர்களுக்குத் தெரியும், கொஞ்சம் தாமதித்தாலும் மடிப்பால் ஒழுகி முழங்கை வரைக்கும் வந்துவிடும். அதனால் சுடச்சுட வாயை வைக்க வேண்டும், நாக்குப் பொரியும்.

'பெரியோரை மதி', 'பொய் பேசாதே' என்ற வகை வரி அந்தப் பாட்டில் எங்கும் இல்லை. அந்தக் காலத்தில் ஒரு வாத்தியார் பிள்ளைகளுக்குப் பாட்டு எழுத உட்கார்ந்தால் கை தானாகப் புத்திமதிப் பக்கம்தான் போயிருக்கும். நீதிநூலை மனனம் செய்வித்து வளர்த்த சமூகம். யாழ்ப்பாணத்தில் 'பிள்ளைப் பாட்டு' என்றொரு தொகுப்பே 1935இல்தான் வருகிறது. பிள்ளைகளுக்கென்று தனியாகப் பாட்டு வேண்டும் என்ற எண்ணமே அப்போதுதான் பரவிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் ஒரு பண்டிதர், கொழுக்கட்டை தின்னலாம் வாருங்கள் என்று பாடியிருக்கிறார்.

அடுத்தது 'கத்தரி வெருளி'. வெருளி என்றால் தோட்டத்தில் நிற்கும் வைக்கோல் பொம்மை, சோளக்கொல்லைப் பொம்மை என்று நீங்கள் சொல்வது. அதைப் பார்த்து "கத்தரித் தோட்டத்து மத்தியிலே நின்று காவல் புரிகின்ற சேவகா" என்று பெரிய மரியாதையோடு கூப்பிடுகிறார். கூலி வாங்காமல், கண் இமைக்காமல், நித்திரை கொள்ளாமல் வேலை செய்கிறவன் உன்னைவிட்டால் வேறு யார் என்று கேட்கிறார். தலையில் பூசணிக்காய் மாதிரி மஞ்சள் உறுமால், இறுக்கிக் கட்டிய சட்டை, கையில் வில்லும் அம்பும். சேவகன் யார் என்று பாட்டு அவசரப்பட்டுச் சொல்லாது, பிள்ளையே கண்டுபிடித்துச் சிரிக்க வேண்டும். பெரிய ஆளானபின் வாசித்தால் வேறு சில சேவகர்களும் நினைவுக்கு வருவார்கள், அது உங்கள் பாடு.

இந்தப் பாட்டில் வகுப்பறைக்காரரின் கையும் தெரிகிறது. ஒவ்வோர் அடியின் பின்பாதியும் திரும்ப வரும், அதற்கு முன்னால் 'நின்று' என்பதுபோல ஒரு சின்ன எடுப்பு. ரீச்சர் முதல் தரம் சொல்ல, வகுப்பு முழுவதும் இரண்டாம் தரம் கத்தலாம். பாடமாக்கச் சொல்லி யாரும் வெருட்டத் தேவையில்லை. அபிநயத்துக்கும் இடம் உண்டு. எங்கள் பள்ளிக்கூடத்தில் கையை அகல விரித்துக்கொண்டு வெருளியாக நிற்கும் பிள்ளை பாட்டு முடியும்வரை கண் வெட்டக்கூடாது என்பது சட்டம்.

நான் இப்போது இருப்பது கனடாவில். இங்கே தமிழ்ப் பள்ளிகளிலும் ஆடிப்பிறப்பு படிப்பிக்கிறார்கள். யூலை நடுப்பகுதியில் இங்கே எல்லாப் பள்ளிக்கூடமும் கோடை விடுமுறையில் பூட்டிக் கிடக்கும். "நாளைக்கு மட்டும் ஏன் லீவு? இப்பவே லீவுதானே" என்று மகள் கேட்டாள். ஒரே ஒரு நாள் விடுமுறைக்கு "ஆனந்தம்" இரண்டு தரம் போட்ட பிள்ளைகளை அவளுக்கு விளங்கப்படுத்த எனக்குத் தெரியவில்லை. இலங்கையிலும் ஆடிப்பிறப்பு இன்று அரச விடுமுறை இல்லை.

அவருடைய சிறுவர் பாட்டுகள் அவர் மறைந்த பிறகு 'சிறுவர் செந்தமிழ்' என்ற பெயரில் நூலாக வந்தன. ஈழத்து நூல்களைச் சேர்த்து வைக்கும் 'நூலகம்' இணையத்தளத்தில் தேடினால் அவருடைய புத்தகங்களைக் காசில்லாமல் வாசிக்கலாம். உங்கள் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பதானால் வெருளியில் தொடங்குங்கள், அதற்கு விளக்கம் தேவைப்படாது. ஆடிப்பிறப்பைக் கூழ் காய்ச்சும் நாளுக்கு வைத்திருங்கள். பனங்கட்டி என்பது நீங்கள் கருப்பட்டி என்று சொல்வதுதான். மாவைச் சுடுதண்ணீரில் குழையுங்கள்.