கசக்கும் பீரை எப்படி ரசிப்பது? பாண்டியிலிருந்து கேள்வி பதில்

ஐபிஏ (இந்தியா பேல் ஏல், ஹாப்ஸ் என்ற பூவின் கசப்பு தூக்கலான பீர்), டபுள் ஐபிஏ (அதைவிட ஹாப்ஸும் போதையும் கூடினது), பார்லி ஒயின் (பெயர்தான் ஒயின், இதுவும் பீர்தான்) என்று கசப்பும் போதையும் கூடின கிராஃப்ட் பீர் (சிறிய அளவில் காய்ச்சும் பீர்) வகைகளைப் பற்றிக் கடலூர், பாண்டி நண்பர்கள் கேட்டிருந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். பாண்டியில் பீர் காய்ச்சும் இடத்தில் எனக்கு வேலை. குடிக்கும் வயது புதுச்சேரியில் 18, தமிழ்நாட்டில் 21. அதற்குக் கீழே இருப்பவர்கள் படிப்பதோடு நிறுத்திக்கொள்ளவும்.

முதலியார்பேட்டை தம்பி: அண்ணே, நான் எப்பவும் ஸ்ட்ராங் பீர்தான். அதுவும் 8 சதவீதம், டபுள் ஐபிஏவும் 8 சதவீதம். அப்புறம் ஏன் அதுக்கு மட்டும் இவ்வளவு விலை?

ஆல்கஹால் ஒன்றுதான் தம்பி, மற்ற எல்லாமே வேறு. நம் நாட்டு விதிப்படி 5 சதவீதத்தைத் தாண்டி 8 வரை போனால் அது ஸ்ட்ராங். நம் ஊர் ஸ்ட்ராங் லாகர்களில் (வழக்கமான கடை பீர்) அரிசி, மக்காச்சோளம், சர்க்கரை என்று சேர்த்து அந்த அளவை எட்டுவது வழக்கம். ஹாப்ஸ் பேருக்குத்தான் இருக்கும். அதனால்தான் ஃபுல் கூலிங்கில் குடித்தால் மட்டும் நன்றாக இருக்கிறது. சூடு ஏறினால் ஸ்பிரிட் நெடி மேலே வந்துவிடும்.

டபுள் ஐபிஏவில் மால்ட்டே (முளைகட்டி உலர்த்திய பார்லி) நிறையப் போகும். அதற்கு மேல் ஹாப்ஸைக் கொட்டுவார்கள். கொதிக்கும்போது போடுவது கசப்புக்கு, நொதித்த பிறகு போடுவது வாசனைக்கு. ஹாப்ஸ் என்பது குளிர்ப் பிரதேசத்துக் கொடியின் பூக்கூம்பு. இந்தியாவில் இமாச்சலத்தின் லாஹௌல் பள்ளத்தாக்கில் விளைகிறது. ஆனால் ஐபிஏவுக்குக் கேட்கும் ரகங்கள் பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்து வருகின்றன. விலை அங்கேதான் ஏறுகிறது. ஒன்று சொல்ல வேண்டும்: டபுள் ஐபிஏ காய்ச்சுகிறவர்களும் கொஞ்சம் டெக்ஸ்ட்ரோஸ் என்ற சர்க்கரை சேர்ப்பதுண்டு, பீர் பாகு மாதிரி ஆகிவிடாமல் இருக்க. சர்க்கரை போட்டாலே மட்டம் என்று நினைக்க வேண்டாம்.

நெல்லிக்குப்பத்திலிருந்து ஒருவர்: பெங்களூரில் நண்பன் வாங்கிக் கொடுத்தான். முதல் வாயிலேயே கசப்பு தாங்கவில்லை. இதை ரசித்துக் குடிக்க வழி இருக்கிறதா?

இருக்கிறது. முதலில் தாகத்துக்குக் குடிப்பதை நிறுத்துங்கள். தாகத்துக்குத் தண்ணீர் குடித்துவிட்டு உட்காருங்கள்.

ஐஸ் மாதிரி ஜில்லென்று இருந்தால் வாசனை எழும்பாது, கசப்பு மட்டும் முன்னால் நிற்கும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துப் பத்து நிமிடம் விடுங்கள். 8 முதல் 12 டிகிரி போதும். வாய் கொஞ்சம் குறுகின கிளாஸ் எடுத்துப் பாதி மட்டும் ஊற்றுங்கள், மேலே வாசனைக்கு இடம் வேண்டும். நுரை வரட்டும். கிளாஸ் சுவரில் உள்பக்கமாகக் குமிழிகள் ஒட்டிக்கொண்டிருந்தால் அது சரியாகக் கழுவாத கிளாஸ், திருப்பிக் கொடுத்துவிடலாம்.

அப்புறம் மூக்கு. சின்னச் சின்னதாக மூன்று நான்கு முறை முகருங்கள். இதற்குப் பிறகுதான் வாய். ஒரு மிடறு எடுத்து நாக்கு முழுக்கப் படரவிட்டு விழுங்குங்கள். விழுங்கினதும் வாயை மூடிக்கொண்டு மூக்கு வழியாக மூச்சை விடுங்கள். பழ வாசனை, பிசின் வாசனை எல்லாம் அந்த மூச்சில்தான் திரும்பி வரும். இதைச் செய்யாமல் கடகடவென்று இறக்குகிறவர்களுக்குக் கசப்பு மட்டும்தான் மிச்சம். முதல் மிடறை வைத்து முடிவு கட்டாதீர்கள். நாக்கு கசப்புக்குப் பழக மூன்று நான்கு மிடறாவது வேண்டும். வேப்பம்பூ ரசம் சாப்பிட்டு வளர்ந்த நமக்கு இது பெரிய விஷயமே இல்லை.

எடுத்த எடுப்பில் டபுளுக்குப் போகாமல் சாதாரண பேல் ஏல் (ஐபிஏவை விடக் கசப்பு குறைந்தது), ஐபிஏ, டபுள் என்ற வரிசையில் போங்கள். நடுநடுவே தண்ணீர், ஒரு துண்டு வெறும் பிரெஞ்சு ரொட்டி. பாண்டியில் அதற்கா பஞ்சம்?

லாஸ்பேட்டை சகோதரி: லேபிளில் கிரேப்ஃப்ரூட், பைன், பேஷன் ஃப்ரூட் என்று போட்டிருக்கிறார்கள். பாதியை நான் பார்த்ததே இல்லை அண்ணா. எனக்கு எப்படித் தெரியும்?

லேபிளை மறந்துவிடுங்கள் அம்மா. அமெரிக்காக்காரர் அவர் ஊர்ப் பழத்தை எழுதுகிறார், நீங்கள் உங்கள் சமையலறையை எழுதுங்கள். இது சும்மா ஆறுதலுக்குச் சொல்வதில்லை. ஹாப்ஸ் எண்ணெயில் அதிகம் இருக்கும் மிர்சீன் என்ற வாசனைப் பொருள் மாம்பழத்திலும் உண்டு. லினலூல் கொத்தமல்லி விதையின் வாசனை. கேரியோஃபிலீன் மிளகிலும் கிராம்பிலும் இருக்கிறது. ஜெரானியால் ரோஜாவில் இருப்பது. மூலக்கூறு ஒன்றே என்னும்போது உங்கள் மூக்கு சொல்வது தப்பாகாது.

என் நோட்டில் கிரேப்ஃப்ரூட்டுக்குப் பம்பளிமாஸ் தோல், பைனுக்குக் குங்கிலியம் என்றுதான் இருக்கும். 1972-ல் வெளிவந்த கேஸ்கேட் என்ற ஹாப்ஸ் ரகத்தில் அந்தப் பம்பளிமாஸ் தெளிவாகத் தெரியும். சிட்ரா ரகம் என்றால் மாம்பழம், லிச்சி, எலுமிச்சை. சில ரகங்கள் வெங்காயம், பூண்டு மாதிரி அடிக்கும்; அது கெட்டுப்போனதல்ல, ஆனால் எனக்குப் பிடிக்காது. பண்ருட்டிப் பலாச்சுளை வாசம் வந்தால் பெரும்பாலும் அது ஹாப்ஸ் இல்லை, நொதிக்கும்போது ஈஸ்ட் கொடுக்கும் எஸ்டர் என்ற பழவாசனைப் பொருள். வெண்ணெய் வாசம் தூக்கலாக வந்தால் ஐபிஏவில் அது குறைதான்.

கேள்வி: ஐபியு 100 என்று போட்டால் 50-ஐ விட இரண்டு மடங்கு கசக்குமா?

கசக்காது. ஐபியு என்பது பீரில் கரைந்திருக்கும் கசப்புப் பொருளின் அளவு. மால்ட் இனிப்பு கூடினால் அதே எண் மென்மையாகத் தெரியும். 100-ஐத் தாண்டின பிறகு நாக்கால் பெரிய வித்தியாசம் காண முடியாது. விளம்பரத்துக்கு உதவுகிற எண்.

கடலூர் தேவனாம்பட்டினத்துக்காரர்: இந்தியா பேல் ஏல் என்றால் நம் செயின்ட் டேவிட் கோட்டை வெள்ளைக்காரர்கள் குடித்ததா சார்?

ஆசையாகத்தான் இருக்கிறது, ஆனால் காலம் ஒத்துவரவில்லை. கோட்டையை 1758-ல் பிரெஞ்சுத் தளபதி லாலி பிடித்து இடித்துவிட்டார். லண்டன் போ பகுதியில் காய்ச்சிய ஹாட்ஜ்சனின் பீர் இந்தியாவில் பேர் வாங்கினது அதற்கு அப்புறம், 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில். 1820-களில் இங்கிலாந்தின் பர்ட்டன் ஊர்க்காரர்கள் போட்டிக்கு வந்தார்கள். அந்த ஊர்த் தண்ணீரில் இருந்த ஜிப்சம் ஹாப்ஸ் கசப்பைத் தெளிவாக எடுத்துக் கொடுத்தது. கப்பலில் கெடாமல் இருக்க யாரோ புதிதாகக் கண்டுபிடித்த பீர் என்ற கதையை அப்படியே நம்பாதீர்கள். பேல் ஏல் முன்பே இருந்தது; வெப்பநாட்டுக்குப் போகும் சரக்கில் ஹாப்ஸைக் கூட்டினார்கள்.

அரியாங்குப்பம் நண்பர்: பிளைனி தி எல்டர் என்று ஒரு பீராமே?

கலிஃபோர்னியாவின் ரஷ்யன் ரிவர் ப்ரூவரியுடையது, 8 சதவீத டபுள் ஐபிஏ. அதைக் காய்ச்சும் வின்னி சிலர்சோதான் 1994-ல் வேறொரு ப்ரூவரியில் இந்த வகைக்கே பிள்ளையார் சுழி போட்டவர் என்று சொல்வார்கள். ஹாப்ஸ் என்று பலர் கருதும் ஒரு செடியைப் பழைய ரோமானியர் பிளைனி குறிப்பிட்டதால் அந்தப் பெயர். உங்களுக்குப் பிடிக்கிற செய்தி இனிமேல்தான்: இந்தியா வருஷத்துக்கு 5 கோடி செஸ்டர்ஸ் ரோமானியப் பணத்தை உறிஞ்சுகிறது என்று புலம்பினவரும் அதே பிளைனிதான். உங்கள் ஊருக்குப் பக்கத்து அரிக்கமேட்டில் 1945-ல் தொல்லியலாளர் வீலர் தோண்டியபோது ரோமானிய ஒயின் ஜாடிகளின் ஓடுகள் கிடைத்தன. அந்தப் பணம் போன வழிகளில் ஒன்று உங்கள் ஆற்றங்கரை.

கேள்வி: சைடு டிஷ் என்ன வைக்கலாம்?

மிளகாய் தூக்கலான எதுவும் வேண்டாம். ஆல்கஹாலும் கசப்பும் காரத்தை இன்னும் ஏற்றிவிடும். சிக்கன் சுக்காவோடு டபுள் ஐபிஏ குடித்தால் இரண்டின் ருசியும் தெரியாது. காரம் குறைத்து மொறுமொறுவென்று பொரித்த நெத்திலிதான் என் தேர்வு. உப்பும் எண்ணெயும் கசப்பை அடக்கும், கசப்பு எண்ணெயை அறுத்துக்கொண்டு போகும். பஜ்ஜியும் சரி. சுறாப்புட்டு, பச்சை மிளகாயைக் குறைத்துச் செய்தால் நன்றாகச் சேரும். சீஸ் பிடிக்குமென்றால் நன்றாக முற்றினதாக வாங்குங்கள். பார்லி ஒயினுக்கு மட்டும் நெய் மைசூர்பாகு வைத்துப் பாருங்கள்.

விருத்தாசலத்திலிருந்து: அமெரிக்காவிலிருந்து மச்சான் கொண்டுவந்த ஐபிஏவை விசேஷத்துக்கு என்று ஒரு வருஷமாக வைத்திருக்கிறேன். பழசானால் ருசி கூடும்தானே?

கூடாது சார், இன்றைக்கே திறந்துவிடுங்கள். ஹாப்ஸ் வாசனைதான் முதலில் போகும். ஆக்சிஜன் பட்டு நனைந்த அட்டை வாசம் வரும். வருஷக்கணக்கில் வைக்கத் தாங்குவது பார்லி ஒயின், இம்பீரியல் ஸ்டவுட் (போதை கூடின கறுப்பு பீர்) மாதிரி வகைகள். வெளிச்சமும் எதிரி. பச்சை பாட்டிலிலோ வெள்ளை பாட்டிலிலோ வெயில் பட்டால் ஹாப்ஸ் கசப்பு உடைந்து ஒரு நாற்றம் வரும். பிரவுன் பாட்டில் ஓரளவு தாங்கும், டின் பீர் இன்னும் நல்லது.

கேள்வி: எத்தனை குடிக்கலாம்?

330 மில்லி டபுள் ஐபிஏவில் சுமார் 21 கிராம் ஆல்கஹால். அதே அளவு 5 சதவீத பீரில் 13. ஒன்றை ஒரு மணி நேரத்துக்கு இழுங்கள். இரண்டாவதில் மூக்கும் நாக்கும் மழுங்கிவிடும், பிறகு எதைக் குடித்தாலும் ஒன்றுதான்.

கடலூர் முதுநகர்: அண்ணே, பாண்டியில் வாங்கி வண்டி டிக்கியில் இரண்டு போட்டு எடுத்து வந்தால் என்ன?

பாண்டிச் சரக்கைத் தமிழ்நாட்டுக்குள் கொண்டுபோவது குற்றம். செக்போஸ்ட்டில் மாட்டினால் பீர் போவதோடு வழக்கும் வரும். மாட்டாவிட்டாலும் மதிய வெயிலில் டிக்கிக்குள் கிடந்தால் நீங்கள் காசு கொடுத்து வாங்கின வாசனை கடலூர் வருவதற்குள் பாதி போயிருக்கும். இங்கேயே உட்கார்ந்து ஒன்று குடியுங்கள். வண்டியை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள், கடலூருக்குப் பஸ் நிறைய இருக்கிறது.