'வேண்டா' என்ற பெயர் யாரிடம் சொன்னது?

கேள்வி: எனக்கு 41 வயது. வீட்டில் நான்காவது பெண். பாட்டி வைத்த பெயர் 'வேண்டா'. ஆதார், ரேஷன் கார்டு, பேங்க் பாஸ்புக் எல்லாவற்றிலும் அதுதான். ஆஸ்பத்திரியில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள். காலேஜ் படிக்கும் என் மகள், "உலகத்துல வேற எங்கயாவது இப்படிப் பேரு வைப்பாங்களாம்மா?" என்று கேட்டுவிட்டாள். மாற்றிக்கொள்ளலாம் என்றால் என் அம்மா, "இத்தனை வருஷம் கழிச்சு என்னைக் குத்திக் காட்டுறியா?" என்று அழுகிறார். நான் என்ன செய்வது?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, விழுப்புரம் மாவட்டம்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, முதலில் உங்கள் மகளுக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். வைப்பார்கள். துருக்கியில் 'யெதெர்' என்று பெண்களுக்குப் பெயர் உண்டு, அர்த்தம் 'போதும்'. அஜர்பைஜானில் இன்னும் பச்சையாக 'கிஸ்பெஸ்', அதாவது பெண் போதும், நம் ஊர் போதும்பொண்ணுவேதான். கஜகஸ்தானில் 'உல்போல்சின்' என்றால் 'ஆண் பிள்ளையாக இருக்கட்டும்'. ராஜஸ்தான் கிராமங்களில் 'தாப்பு' என்று கூப்பிடுவார்கள், திகட்டிவிட்டது என்று பொருள். சீனாவில் 'ஜாவ்தி' என்றால் 'தம்பியைக் கூட்டி வா', 'லாய்தி' என்றால் 'தம்பி வரட்டும்'. தைவானில் பழைய தலைமுறைப் பெண்களிடம் 'போங்சீ' என்ற பெயர் இருந்தது. 'என்ன செய்ய, வளர்த்துத்தான் ஆக வேண்டும்' என்கிற சலிப்பு அது. பதிவேட்டில் எழுதும்போது அதே ஓசையுள்ள வேறொரு எழுத்தைப் போட்டு மறைத்துவிடுவார்கள். மறைத்தாலும் கூப்பிடும்போது காதில் விழுவது அதுதானே.

எனக்கு மனதில் தங்கிப்போனது வங்காளப் பெயர்தான். 'ஆன்னாகாளி'. கேட்டால் ஏதோ அம்மன் பெயர் மாதிரி இருக்கும். பிரித்துப் பார்த்தால் 'ஆர் நா காளி', அதாவது 'இனி வேண்டாம், காளி'. கவனியுங்கள், இது குழந்தையைப் பார்த்துச் சொன்னதே இல்லை. பெற்றவர்கள் தொட்டிலுக்கு மேலே தலையைத் தூக்கி அம்மனிடம் முறையிட்டிருக்கிறார்கள், அந்த முறையீடு குழந்தைக்குப் பெயராக ஒட்டிக்கொண்டது. சீனப் பெயர் பிறக்காத தம்பியிடம் பேசுகிறது, துருக்கிப் பெயர் விதியிடம் பேசுகிறது. உங்கள் பெயரும் அப்படித்தான். நான்காவதாக, உங்களுக்குப் பதில் வேறு எந்தப் பெண் குழந்தை வந்திருந்தாலும், பாட்டி அதையேதான் வைத்திருப்பார். உங்கள் முகத்தைப் பார்த்து, உங்களை எடைபோட்டு யாரும் 'வேண்டா' என்று சொல்லவில்லை.

இதைச் சொல்வதால் வலிக்காது என்று சொல்ல வரவில்லை. 'வேண்டாமை' பெரிய செல்வம் என்று திருக்குறளே சொல்கிறது, பெருமையான பெயர்தான் என்று யாராவது உங்களைச் சமாதானப்படுத்த வரலாம். குறள் சொல்வது ஆசையற்ற நிலையை. பாட்டி நினைத்தது அதை இல்லை. அந்தச் சமாதானம் உங்களுக்கு வேண்டாம்.

ஒன்றை மட்டும் அம்மாவிடம் உட்கார்ந்து கேட்டுவிடுங்கள். உங்களுக்கு முன்னால் ஏதாவது குழந்தை பிறந்து தவறியதா? ஏனென்றால் வேறொரு வகைப் பெயரும் உண்டு. அடுத்தடுத்துக் குழந்தைகள் இறந்த வீட்டில், பிறந்த பிள்ளையைக் குப்பையில் புரட்டி எடுத்து 'குப்பம்மா' என்று வைப்பார்கள், 'பிச்சையம்மா' என்று வைப்பார்கள், எமன் இது நமக்கெதற்கு என்று விட்டுப் போகட்டும் என்று. கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் நோயில் விழுந்த பெண் குழந்தைக்கு 'ஆல்டெ', அதாவது கிழவி, என்று பெயர் மாற்றுவார்கள், மரண தூதன் தேடி வந்தால் குழம்பிப்போக. அவை கையை விட்டுப் போய்விடுமோ என்ற பயத்தில் வைத்த பெயர்கள். உங்களுடையது அதுவாக இருந்தால் நீங்களே மாற்ற நினைக்க மாட்டீர்கள்.

இல்லை, ஆண் பிள்ளை வேண்டும் என்று வைத்ததுதான் என்றால், அம்மாவின் அழுகைக்கும் காரணம் அங்கேதான் இருக்கிறது. பிறப்பது ஆணா பெண்ணா என்பதை முடிவு செய்வது அப்பாவின் விந்தணு. இது தெரியாத வீட்டில் நான்கு முறையும் பேச்சு வாங்கியது உங்கள் அம்மா. மாமியார் வைத்த பெயரைத் தடுக்க அவருக்கு அன்றைக்கு வாய் இருந்திருக்காது. ஆகவே, "உனக்கும் சேர்த்துத்தாம்மா மாத்துறேன்" என்று சொல்லிப் பாருங்கள். உடனே ஒத்துக்கொள்ளாமல் போகலாம். அப்படியும் மாற்றிக்கொள்ளுங்கள். நான் முழு மனதோடு உங்கள் பக்கம்.

மகாராஷ்டிராவின் சதாரா மாவட்டத்தில் 2011 அக்டோபரில் 'நகுசா', அதாவது வேண்டாதவள், என்ற பெயரோடு இருந்த 285 பெண்களுக்கு விழா எடுத்துப் புதுப் பெயர் கொடுத்தார்கள். உங்களுக்கு விழாவெல்லாம் தேவையில்லை. எங்கள் தெருவில் போதும்பொண்ணு என்று ஒரு அத்தை இருந்தார். மகள் கல்யாணத்துக்குச் சீர் பாத்திரம் வாங்கப் போனபோது கூடப் போயிருந்தேன். பெயர் வெட்டுகிற பையன் மெஷினைக் கையில் வைத்துக்கொண்டு "யார் பேரு போடணும்?" என்றான். அத்தை ஒரு நிமிஷம் குடத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அன்பளிப்பு, பொன்னின்னு போடு" என்றார். சொந்தக்காரர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. கொஞ்ச நாளில் தெருவே பொன்னி அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தது.

அரசுப் பதிவுக்கு எழுதுபொருள் அச்சுத் துறையில் விண்ணப்பித்து அரசிதழில் வெளியிட வேண்டும், படிவம் அவர்கள் இணையதளத்திலேயே கிடைக்கிறது. அரசிதழ் வந்ததும் கூடுதலாக இரண்டு மூன்று பிரதி வாங்கி வையுங்கள், ஆதாரை முதலில் மாற்றுங்கள், அப்புறம் பான், பேங்க், ரேஷன் கார்டு. தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுத்துகளை ஒரே மாதிரி எல்லா இடத்திலும் எழுதுங்கள், இதில்தான் பலர் மாதக்கணக்கில் அலைகிறார்கள்.

என்ன பெயர் என்று நான் சொல்லப் போவதில்லை. பிடித்ததை இரண்டு மூன்று எழுதி வைத்துக்கொண்டு, படிவத்தில் எழுதுவதற்கு முன்னால், வாசலில் நின்று ஒவ்வொன்றாகச் சத்தமாகக் கூப்பிடச் சொல்லுங்கள் உங்கள் மகளை. எந்தப் பெயருக்கு உங்கள் தலை தானாகத் திரும்புகிறதோ அதை எழுதுங்கள்.