லித்தாப்ஸ் சுருங்கினால் தண்ணீர் ஊற்றலாமா?

கேள்வி: கோயம்புத்தூரில் மொட்டைமாடித் தோட்டம் வைத்திருக்கிறேன். நவம்பரில் இணையத்தில், கூழாங்கல் போலிருக்கும் லித்தாப்ஸ் செடிகள் ஐந்து வாங்கினேன். கோகோபீட் கலந்த மண்ணில் வைத்து, மற்ற செடிகளைப் போலவே வாரம் ஒரு முறை தண்ணீர் விட்டேன். இரண்டு கூழாகிப் போயின. ஒன்று பக்கவாட்டில் வெடித்திருக்கிறது. மற்ற இரண்டில் நடுப்பிளவு வழியே புது இலைகள் எட்டிப் பார்க்கின்றன, ஆனால் வெளி இலைகள் நாளுக்கு நாள் சுருங்குகின்றன. தண்ணீர் போதவில்லையா? மிச்சத்தை எப்படிக் காப்பாற்றுவது?

பதில்: சுருங்கும் இரண்டு செடிகளுக்கும் இப்போது ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வேண்டாம். அவை வாடவில்லை, சட்டை மாற்றுகின்றன.

லித்தாப்ஸ் என்பது மொத்தமே இரண்டு தடித்த இலைகள்தான். தண்டு என்று கண்ணுக்குத் தெரிய ஒன்றும் இருக்காது. ஆண்டுக்கு ஒரு முறை, அந்த இரண்டு இலைகளுக்கும் நடுவே அடியிலிருந்து புது ஜோடி ஒன்று பழைய ஜோடிக்குக் குறுக்குவாட்டில் வளரும். அது வளரத் தேவையான நீரும் சத்தும் பழைய இலைகளிலிருந்தே போகின்றன. முளைவிட்ட தேங்காய்க்குள் பூ பருத்துப் பருப்பை உறிஞ்சிக்கொள்வதை நினைத்துக்கொள்ளுங்கள், கிட்டத்தட்ட அதே கதை. கடைசியில் பழைய இலைகள் வெங்காயச் சருகுபோல் மெலிந்து அடியில் ஒட்டிக்கொள்ளும். இது முடிய இரண்டு மூன்று மாதம்கூட ஆகலாம். நடுவில் நீங்கள் தண்ணீர் ஊற்றினால் பழைய இலைகள் மறுபடி உப்பிவிடும், தம்மிடமுள்ளதைப் புது ஜோடிக்குக் கொடுக்காது. ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு ஜோடி நிற்கும் செடி அசிங்கமாக இருப்பது மட்டும் இல்லை, இடுக்கில் ஈரம் தங்கி அழுகலும் சீக்கிரம் வரும். பழைய இலையைக் கையால் பிய்க்கவும் கூடாது. அது தானாகக் காகிதமாகட்டும், அதன்பிறகு முதல் தண்ணீர்.

இந்தப் பிடிவாதத்துக்குக் காரணம் அது பிறந்த ஊர். 1811இல் வில்லியம் பர்ச்செல் என்ற ஆய்வாளர் தென்னாப்பிரிக்காவின் பிரீஸ்கா அருகே விசித்திரமான கூழாங்கல் என்று நினைத்துக் குனிந்து எடுத்தது இந்தச் செடியைத்தான். லித்தாப்ஸ் வாழும் பல இடங்களில் ஆண்டுக்கு 250 மில்லிமீட்டர் மழைகூடப் பெய்யாது, கோவையில் பெய்வதில் பாதிகூட இல்லை. உடல் மண்ணுக்குள், இலையின் உச்சி மட்டும் தரைமட்டத்தில். அந்த உச்சியில் கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் சன்னல் இருக்கிறது. வெயில் அதன் வழியே இறங்கி, உள்ளே சுவரோரமாக இருக்கும் பச்சையத்தை அடைகிறது. மண்ணுக்கடியில் ஒளிச்சேர்க்கை செய்யும் இப்படியொரு ஏற்பாட்டை வேறெந்தச் செடியில் இவ்வளவு அழகாகப் பார்க்க முடியும்!

லித்தாப்ஸின் தாவரக் குடும்பம் முழுக்கவே இந்த மாதிரிக் கெட்டிக்காரத்தனம் உண்டு. இந்தக் குடும்பத்துக்கு ஐஸ் பிளான்ட் என்ற பெயரைக் கொடுத்த மெசெம்பிரியாந்திமம் கிரிஸ்டலினம் இலை முழுக்க நீர்க் கொப்புளங்களுடன் உறைபனி பூத்ததுபோல் மின்னும். உப்போ வறட்சியோ தாக்கினால், பகலில் திறந்துவைத்த இலைத்துளைகளை மூடிவிட்டு இரவில் மட்டும் மூச்சுவிடும் முறைக்கு அது மாறிக்கொள்கிறது. லித்தாப்ஸைப் போல இரவில் துளை திறக்கும் செடிகளுக்கு இரவு குளிர வேண்டும். நம் ஏப்ரல், மே மாதங்களின் புழுக்கமான இரவுகளில் லித்தாப்ஸ் ஏறக்குறைய வேலைநிறுத்தம் செய்துவிடும். அப்போது ஊற்றும் தண்ணீரை அது குடிப்பதில்லை, தொட்டியில் தங்கும் அந்த ஈரத்தைப் பூஞ்சைதான் பயன்படுத்திக்கொள்ளும்.

வெடித்த செடியைப் பற்றிக் கவலை வேண்டாம். காய்ந்து கிடந்த செடி ஒரேயடியாகக் குடித்தால் தோல் தாங்காமல் கிழியும். வெடிப்பில் மஞ்சளோ பட்டையோ பூசாமல், நிழலான காற்றோட்டத்தில் உலரவிடுங்கள். சில நாளில் தழும்பு கட்டிவிடும். அடுத்த ஜோடி இலைகளில் தழும்பு இருக்காது. கூழான இரண்டையும் தொட்டி மண்ணோடு அப்புறப்படுத்துங்கள். வளரும் நுனி இரண்டு இலைகளின் அடியில் இருப்பதால் அது அழுகியபின் மீட்க வழியில்லை. வேர் மட்டும் கறுத்து, உடல் கல்போல் கெட்டியாக இருந்தால் கதை வேறு. சுத்தமான கத்தியால் நல்ல சதை தெரியும்வரை அடியைச் சீவி, ஒரு வாரம் காயவைத்து, உலர்ந்த கலவையின்மேல் உட்காரவையுங்கள், புது வேர் விட வாய்ப்பு உண்டு.

உங்கள் உண்மையான எதிரி கோகோபீட்தான். மேலே காய்ந்ததுபோல் தெரியும்போதும் உள்ளே ஈரம் பிடித்துவைத்திருக்கும். முழுக்கக் காய்ந்துவிட்டாலோ தண்ணீரை உள்ளே விடாது. எஞ்சிய மூன்றையும் இன்றே வெளியே எடுங்கள். வேரில் ஒட்டியதை உதறி, மூன்று நாள் நிழலில் காயவிட்டு, இந்தக் கலவையில் நடுங்கள்: 2 முதல் 4 மிமீ அளவில் சலித்த கரடுமுரடான மணல் அல்லது கல்துகள் 4 பங்கு, பெர்லைட் அல்லது பியூமிஸ் (எடை குறைந்த நுண்துளைக் கல்துகள்கள்) 3 பங்கு, அதே அளவில் உடைத்த செங்கல் துகள் 2 பங்கு, சலித்த இலைமக்கு 1 பங்கு. எம்-சாண்ட் என்றால் தண்ணீர் தெளியும்வரை கழுவியே ஆக வேண்டும், அதிலுள்ள மாவு துவாரங்களை அடைத்துவிடும். கடற்கரை மணல் வேண்டவே வேண்டாம். ஆணிவேர் நீளமாக இறங்கும் என்பதால் தொட்டி குறைந்தது 4 அங்குல ஆழம் இருக்கட்டும். உடலில் மூன்றில் ஒரு பங்கு கலவைக்கு வெளியே தெரியும்படி வைத்து, சுற்றிலும் கூழாங்கல் பரப்புங்கள். நட்டவுடன் தண்ணீர் கூடாது. சட்டை மாற்றும் இரண்டுக்கும் அது முடிந்தபின்தான். வெடித்ததற்கு, தழும்பு கட்டியபின் இரண்டு வாரம் கழித்து, அதுவும் அதன் பிளவில் புது இலை தெரியாவிட்டால் மட்டும்.

காலண்டரைப் பார்த்து ஊற்றும் பழக்கத்தை விடுங்கள். சட்டை மாற்றி முடித்த செடியில் பக்கங்கள் சுருங்கி, உச்சி லேசாகக் குழிந்து, அழுத்தினால் கொஞ்சம் நெகிழ்ந்தால் அதற்குத் தாகம். அப்போதும் ஒரு மூங்கில் குச்சியை அடிவரை செருகி எடுத்து, ஈரம் ஒட்டாமல் வந்தால் மட்டுமே ஊற்றுங்கள். ஊற்றும்போது கஞ்சத்தனம் வேண்டாம். 4 அங்குலத் தொட்டிக்கு 100 முதல் 150 மிலி, அடித்துளையில் வடியும்வரை. பிளவுக்குள் தண்ணீர் தேங்கினால் ஊதிவிடுங்கள். கோவையில் பெரும்பாலும் ஜூன் முதல் செப்டம்பர் வரை, பாலக்காட்டுக் கணவாய்க் காற்று தொட்டியைச் சீக்கிரம் காயவைக்கும் மாதங்களில், மூன்று வாரத்துக்கு ஒரு முறை போதும். கோடையில் மிகவும் சுருங்கினால் மட்டும் மாலையில் இரண்டு தேக்கரண்டி. வடகிழக்குப் பருவமழைக்கு மேலே ஒளி புகும் ஷீட் கட்டாயம், பக்கங்களைத் திறந்தே வையுங்கள்.

வெயில் தினமும் 4, 5 மணி நேரம் வேண்டும், காலை வெயில் உத்தமம். குறைந்தால் செடி கழுத்தை நீட்டிக்கொண்டு உயரும், அப்படி நீண்டது அடுத்த இலை மாற்றத்தில்தான் சரியாகும். மார்ச் முதல் மே வரை 50 சதவீத நிழல்வலை போடுங்கள். அறைக்குள் இருந்ததைத் திடீரென்று மாடி வெயிலில் வைத்தால் ஒரே நாளில் வெந்துவிடும். பிளவில் வெள்ளைப் பஞ்சு தெரிந்தால் மாவுப்பூச்சி. 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சுக் குச்சியில் தொட்டு மாலையில் துடையுங்கள். காரணமில்லாமல் செடி சோர்ந்தால் வேரையும் பாருங்கள், அங்கேயும் அது இருக்கலாம்.

மாடியில் இன்னும் இடமிருந்தால் இதே குடும்பத்தின் பேபி சன் ரோஸை வையுங்கள். இதய வடிவ இலை, இளஞ்சிவப்புப் பூ, கிள்ளி நட்டால் பிடித்துக்கொள்ளும், நம் வெயிலையும் மழையையும் பொருட்படுத்தாது. நிலக்கடலைக் காட்டில் களையாக வரும் சாரணையும் இந்தக் குடும்பம்தான் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். இதே குடும்பத்தின் இன்னொரு குட்டிச் செடியான கோனோபைட்டம் மட்டும் இப்போதைக்கு வேண்டாம். அவற்றில் பெரும்பாலானவை குளிர்கால மழையில் வளர்ந்து கோடையில் உறங்குபவை, நம் கோடை இரவுகள் அவற்றுக்குக் கொடுமை. 2019க்குப் பிறகு தென்னாப்பிரிக்காவில் காட்டிலிருந்து பிடுங்கிக் கடத்தப்படும்போது பிடிபட்ட சதைப்பற்றுச் செடிகளில் கணிசமானவை கோனோபைட்டங்கள். இந்தக் குடும்பத்தில் எந்தச் செடி வாங்கினாலும் விதையிலிருந்து வளர்த்ததா என்று கேளுங்கள். ஒரே அச்சாக இருக்கும் சிறு நாற்றுகள் நல்ல அறிகுறி. தழும்பும் தடித்த பழஞ்சருகுமாக, அளவுக்கொன்றாக இருக்கும் முதிய செடிகளை மலிவாகத் தந்தாலும் விட்டுவிடுங்கள்.

உங்கள் மூன்றும் பிழைத்து, மூன்று நான்கு வயதை எட்டியிருந்தால் மழைக்காலத்தை ஒட்டிப் பிளவிலிருந்து மஞ்சள் அல்லது வெள்ளைப் பூ வரும். பிற்பகலில் விரிந்து பொழுது சாயும்போது மூடிக்கொள்ளும், சில நாள்கள் இப்படியே. தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது என்பதால் விதைக்கு ஒரே இனத்தில் இரண்டு செடி ஒரே சமயம் பூக்க வேண்டும். மெல்லிய தூரிகையால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மகரந்தத்தைத் தடவுங்கள். காய் முற்றிக் காய மாதங்கள் ஆகும். காய்ந்த காயைத் தட்டில் வைத்து ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சில நிமிடங்களில் அறைகள் நட்சத்திரம்போல் விரியும், அதன் சொந்த ஊரில் மழைத்துளி விழுந்து விதையைத் தெறிக்கவைக்கும் அதே ஏற்பாடு. விதைகளைக் கழுவி எடுத்து, காகிதத்தில் உலர்த்தி வையுங்கள். விதைக்க நவம்பர் கடைசி நல்லது, மேலே மண் போட்டு மூட வேண்டாம்.