கலப்பின ஆண் மீனைத் தகப்பனாக விட்டும் பாதிக் குஞ்சுகள் பெண்ணாக வந்தது ஏன்?

கேள்வி: நைல் திலேப்பியா பெண் மீன்களோடு நீலத் திலேப்பியா ஆண் மீன்களைச் சேர்த்துக் குஞ்சு எடுத்தேன். ஏறக்குறைய எல்லாமே ஆணாக வந்து நன்றாக வளர்ந்தன. அவற்றில் பெரியவற்றை விட்டுவைத்து, இந்த முறை நைல் பெண் மீன்களோடு சேர்த்தேன். இப்போது குளத்தில் சரிபாதி பெண். பொடிக்குஞ்சுகள் பெருகித் தீவனத்தைத் தின்று தீர்க்கின்றன. தவறு எங்கே? ஒய்-ஒய் ஆண் மீன் (இரண்டு ஒய் குரோமோசோம் உள்ளது) வாங்கினால் சரியாகுமா?

பதில்: உங்கள் மீன்களில் நோயோ குறையோ எதுவும் இல்லை. கணக்குப்படி வர வேண்டியதுதான் வந்திருக்கிறது.

ஆணா பெண்ணா என்பதை முடிவு செய்யும் குரோமோசோம்கள் நைல் திலேப்பியாவில் பெண்ணுக்கு எக்ஸ்-எக்ஸ், ஆணுக்கு எக்ஸ்-ஒய், மனிதரைப் போலவே. நீலத் திலேப்பியாவில் இது தலைகீழ்: ஆண் இசட்-இசட், பெண் இசட்-டபிள்யூ, கோழியைப் போல. முதல் முறை நைல் தாயிடமிருந்து எக்ஸும் நீலத் தகப்பனிடமிருந்து இசட்டும் வந்து சேர்ந்தன. எக்ஸ்-இசட் குஞ்சு ஆணாகத்தான் வளரும். ஆனால் அந்த ஆணின் விந்தில் பாதி எக்ஸ், பாதி இசட். அதை எக்ஸ்-எக்ஸ் தாயோடு சேர்த்தால் பாதிக் குஞ்சுகள் எக்ஸ்-எக்ஸ், அதாவது பெண். எவ்வளவு பெரிதாக வளர்ந்தாலும் கலப்பின ஆண் குஞ்சு எடுக்கத் தகப்பனாக உதவாது.

மலாக்காவில் மீன் ஆய்வாளர் ஹிக்லிங் 1960-இல் வெளியிட்ட ஆய்விலும் இதே கணக்குதான். மொசாம்பிக் திலேப்பியா பெண்ணோடு ஹார்னோரம் என்ற இன்னொரு திலேப்பியா இனத்தின் ஆணைச் சேர்த்தபோது எல்லாம் ஆண். தாயையும் தகப்பனையும் மாற்றிப் போட்டபோது மூன்று ஆணுக்கு ஒரு பெண். டபிள்யூ-இசட் ஹார்னோரம் தாயையும் எக்ஸ்-ஒய் மொசாம்பிக் தகப்பனையும் வைத்துத் தாளில் எழுதிப் பாருங்கள். நான்கு சேர்க்கைகளில் டபிள்யூ-எக்ஸ் மட்டுமே பெண்.

இவ்வளவு நெருங்கிய இனங்களில் ஏன் இரு வேறு முறைகள்? எனக்கு இதுதான் மீன்களில் மிகப் பெரிய வியப்பு. பாலூட்டிகளின் எக்ஸ்-ஒய் ஏற்பாடு 15 கோடி ஆண்டுகளுக்கு மேல் பழையது. மீன்களிலோ பாலை முடிவு செய்யும் மரபணு திரும்பத் திரும்ப மாறியிருக்கிறது. விரையும் சினைப்பையும் உருவாகப் பல மரபணுக்கள் வேலை செய்கின்றன. அவற்றில் எது தொடக்கத்திலேயே தராசை ஒரு பக்கம் சாய்க்கிறதோ, அது புதிய எஜமானாகிவிடலாம். ஜப்பானிய மெடாக்கா மீனில் ஒரு மரபணுவின் கூடுதல் நகல் அந்தப் பொறுப்பை ஏற்றது. மீன்களில் முதன்முதலாக, 2002-இல், கண்டறியப்பட்ட பால் நிர்ணய மரபணு அதுதான். வானவில் டிரவுட் மீனில் நோய் எதிர்ப்போடு தொடர்புடைய மரபணு ஒன்றிலிருந்து பால் நிர்ணய மரபணு பிறந்தது. ஃபுகு மீனில் ஒரு மரபணுவின் டி.என்.ஏ.வில் ஒரே எழுத்து மாறியதே ஆணையும் பெண்ணையும் பிரித்துவிட்டது. நைல் திலேப்பியாவுக்குள்ளேயே கூட, சில பரம்பரைகளில் ஆண் நிர்ணயம் 23-ஆம் குரோமோசோமிலும் வேறு சிலவற்றில் 1-ஆம் குரோமோசோமிலும் இருக்கிறது. ஆகவே இனத்தின் பெயர் மட்டும் போதாது, எந்தப் பரம்பரை என்றும் கேட்டு வாங்குங்கள்.

ஒய்-ஒய் ஆண் உயிரோடு இருப்பதற்கும் இந்த மாற்றமே காரணம். பாலூட்டியின் ஒய் பழசாகித் தேய்ந்து பெரும்பாலான மரபணுக்களை இழந்துவிட்டது. எக்ஸ் இல்லாமல் கரு பிழைக்காது. நைல் திலேப்பியாவின் ஒய் இளையது, தேவையான மரபணுக்கள் இன்னும் அதில் இருக்கின்றன. எக்ஸ்-ஒய் குஞ்சுகளுக்குப் பெண் ஹார்மோன் கொடுத்துப் பெண்ணாக்கி, சாதாரண ஆணோடு சேர்த்தால் கால் பங்கு ஒய்-ஒய் கிடைக்கும். அதை எக்ஸ்-எக்ஸ் தாயோடு சேர்த்தால் எல்லாக் குஞ்சும் எக்ஸ்-ஒய். நடைமுறையில் சராசரியாக 95 சதவீதத்துக்கு மேல் ஆண் வந்திருக்கிறது. மற்ற மரபணுக்களும் வெப்பமும் குறுக்கிடுவதால் முழு நூறை எதிர்பார்க்க வேண்டாம்.

வாங்குங்கள், ஆனால் தூய நைல் தாய்களோடு மட்டும் சேர்க்க வேண்டும். இப்போது குளத்தில் இருக்கும் எந்த மீனையும் தாயாக விடாதீர்கள். அவை எல்லாவற்றிலும் நீல இனத்தின் இரத்தம் கலந்திருக்கிறது. அறுவடை வரை சமாளிக்க, 25-30 கிராம் எடை வந்தவற்றைக் கையால் பிரித்துப் பெண்களை எடுத்துவிடுங்கள். மீனை மல்லாத்திப் பிடித்து, ஆசனவாய்க்குப் பின்னால் உள்ள சிறு முளையில் மெத்திலீன் நீலம் என்ற சாயத்தைத் தடவினால் தெளிவாகத் தெரியும்: ஆணுக்கு முளையின் நுனியில் ஒரே துளை, பெண்ணுக்கு அதன் நடுவே குறுக்காகக் கூடுதலாக ஒரு பிளவு.

புதிய ஆண் ஒவ்வொன்றையும் தனி ஹாப்பாவில் (குளத்தில் கட்டும் வலைக் கூண்டில்) எக்ஸ்-எக்ஸ் தாயோடு விட்டு, அந்தக் குஞ்சுகளை வளர்த்து இதே முறையில் பாருங்கள். சோதனைக் குஞ்சுகளை முதல் வாரங்களில் 28 டிகிரி அளவு நீரில் வையுங்கள். 36 டிகிரியை நெருங்கினால் எக்ஸ்-எக்ஸ் குஞ்சுகளில் பலவும் ஆணாக மாறிவிடும். சாதாரண தகப்பன்கூட ஒய்-ஒய் போலத் தோன்றுவான்.