குவாத்தமாலாப் பயணம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: பத்து நாள் விடுப்பில் குவாத்தமாலா செல்கிறோம். மாயர்கள் என்றோ அழிந்துவிட்டார்கள் என்று படித்திருப்பதால், டிக்கால் இடிபாடுகளை மட்டும் நிதானமாகப் பார்த்துவிட்டுத் திரும்பலாம் என்று எண்ணுகிறோம். சரியான திட்டமா?

இல்லை, அடிப்படையே தவறு. கி.பி. 9ஆம் நூற்றாண்டில் சரிந்தவை நாட்டின் வடக்கே பெத்தேன் பகுதியின் தாழ்நிலக் காடுகளில் இருந்த, டிக்கால் போன்ற நகர அரசுகளே தவிர, மாயர் இன மக்கள் அல்லர். டிக்காலில் ஆண்டு பொறித்து நிறுத்தப்பட்ட கடைசிக் கல்தூண் 869ஆம் ஆண்டுக்குரியது என்றாலும், அருகிலேயே ஏரித் தீவில் இருந்த இட்சா மாயர்களின் தலைநகரை ஸ்பானியர்களால் 1697இல்தான் கைப்பற்ற முடிந்தது. டிக்கால் செல்பவர்கள் வழக்கமாகத் தங்கும் ஃப்ளோரெஸ் நகரம் அந்தத் தீவின்மேல்தான் நிற்கிறது. 2018ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 42 சதவீதத்தினர் தம்மை மாயர் என்று பதிவு செய்திருக்கிறார்கள். கிச்சே, கெக்சி, கக்சிகேல், மாம் உள்ளிட்ட 22 மாயர் மொழிகள் இன்றும் பேசப்படுகின்றன.

அழிந்துபோனவர்கள் என்று சொல்லக் கேட்பது அவர்களுக்கு வலிக்கும் என்பதற்கு அண்மைக் காலக் காரணமும் உண்டு. 1960 முதல் 1996 வரை நீடித்த உள்நாட்டுப் போரில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள் அல்லது காணாமல் ஆக்கப்பட்டார்கள் என்றும், அடையாளம் காணப்பட்டவர்களில் 83 சதவீதத்தினர் மாயர்கள் என்றும் ஐ.நா. ஆதரவுடன் இயங்கிய உண்மை ஆணையம் கூறியது. ஆகவே டிக்காலுக்கும் ஃப்ளோரெஸுக்கும் மூன்று நாட்களை ஒதுக்கிவிட்டு, மீதி நாட்களை ஆன்டிகுவா, அத்தித்லான் ஏரி, சிச்சிகாஸ்தெனாங்கோ என்று மேட்டுநிலத்தில் செலவிடுங்கள்.

கேள்வி: எனக்கு 52 வயது. அகாதெனாங்கோ எரிமலையில் இரவு தங்கி, பக்கத்து எரிமலை வெடிப்பதைப் பார்க்க ஆசை. முடியுமா?

தினமும் ஒரு மணி நேரம் ஏற்ற இறக்கத்தில் நடக்கும் பழக்கமும், இதயமும் முழங்காலும் நல்ல நிலையில் இருக்கின்றன என்ற மருத்துவரின் ஒப்புதலும் இருந்தால் முடியும். வயதைவிட, முதல் சில நாட்களை எப்படிக் கழிக்கிறீர்கள் என்பதே முக்கியம். அகாதெனாங்கோவின் உயரம் 3,976 மீட்டர். பெரும்பாலான குழுக்கள் ஏறத் தொடங்கும் லா சொலெதாத் கிராமம் சுமார் 2,400 மீட்டரிலும், இரவு முகாம் சுமார் 3,600 மீட்டரிலும் உள்ளன. விமானத்திலிருந்து இறங்கிய மறுநாளே ஏறப் போய், தலைவலியும் குமட்டலுமாகக் கூடாரத்துக்குள் படுத்துக்கிடப்பவர்கள் ஏராளம். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஆன்டிகுவாவிலும் அத்தித்லான் கரையிலும் மூன்று நான்கு இரவுகள் தங்கி, இடையில் 2,552 மீட்டர் உயரமுள்ள பகாயா எரிமலையில் ஒருமுறை ஏறி உடலைப் பழக்கிக்கொண்டு செல்லுங்கள்.

பாதை முதலில் சோள வயல்களின் ஊடாகவும், பிறகு மேகக் காட்டின் வழியாகவும் செல்கிறது. மேலே போகப் போக, கால் வைத்தால் சரியும் எரிமலைச் சாம்பல்தான். இரண்டு ஊன்றுகோல்கள் இல்லாமல் அதில் நடப்பது வீண் சிரமம். மலையில் தண்ணீர் கிடைக்காது என்பதால் நான்கு லிட்டராவது சுமந்து செல்ல வேண்டும். பளு அதிகம் என்று தோன்றினால் கிராமத்திலேயே சுமை தூக்க ஆள் கிடைப்பார்கள், அந்தச் செலவுக்குத் தயங்காதீர்கள். டிசம்பர், ஜனவரி இரவுகளில் குளிர் பூச்சியத்துக்குக் கீழே இறங்கும். வெப்பமண்டல நாடுதானே என்று மெல்லிய சட்டையோடு வருபவர்கள், 2017 ஜனவரியில் அந்த மலையில் ஆறு பேர் கடுங்குளிரில் உயிரிழந்ததை நினைவில் கொள்ள வேண்டும்.

எதிரே நிற்கும் ஃபுவேகோ எரிமலை இயல்பான நாட்களில் கால் மணிக்கோ அரை மணிக்கோ ஒருமுறை குமுறும். முதலில் செந்நிறக் கற்கள் வாய்விளிம்பில் தெறித்து உருள்வது கண்ணுக்குத் தெரியும். பல விநாடிகள் கழித்தே அதன் உறுமல் வந்து சேரும். சில வேளைகளில் அது வாரக்கணக்கில் அடங்கியும் கிடக்கும். அதற்கு எந்த வழிகாட்டியும் பொறுப்பேற்க முடியாது. முகாமிலிருந்து ஃபுவேகோவின் முகட்டுக்கே அழைத்துச் செல்லும் கூடுதல் நடை ஒன்றையும் விற்கிறார்கள். 2018 ஜூன் 3 அன்று வெடித்து ஒரு குடியிருப்பையே புதைத்த மலை அது. நான் அந்த நடையைப் பரிந்துரைப்பதில்லை.

கேள்வி: டிக்காலில் சூரிய உதயம் பார்க்கக் கூடுதல் கட்டணம் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

உதயத்துக்காக வேண்டாம், ஒலிக்காகக் கொடுக்கலாம். சுமார் 65 மீட்டர் உயரமுள்ள நான்காம் கோயிலின் மேல் அமர்ந்திருக்கும்போது பெரும்பாலான காலைகளில் மூடுபனியைத் தவிர எதுவும் தெரியாது. ஆனால் விடியும் முன்பே ஊளைக் குரங்குகளின் கர்ஜனை ஒரு மூலையில் எழுந்து காடு முழுவதும் பரவும். பனி விலகும்போது மற்றக் கோயில்களின் உச்சிகள் மரங்களுக்கு மேலே ஒவ்வொன்றாக வெளிப்படும். முதலாம் கோயிலில் ஏற அனுமதி இல்லை. அது ஹசாவ் சான் கவீல் என்ற அரசனின் சமாதி. அவனைப் பற்றிய கதையைச் சொல்லத் தெரிந்த வழிகாட்டி கிடைத்தால், உதயச் சீட்டைவிட அதற்கே பணம் தரலாம்.

கேள்வி: சிச்சிகாஸ்தெனாங்கோ சந்தையிலும் கிராமங்களிலும் படம் எடுக்கலாமா?

வியாழனும் ஞாயிறும் கூடும் சந்தையைப் பொதுவாகப் படமெடுப்பதில் சிக்கல் இல்லை. தனி முகங்களை எடுக்கும் முன் கேட்க வேண்டும், மறுத்தால் விட்டுவிட வேண்டும். சாந்தோ தோமாஸ் தேவாலயத்தின் முன்படிகளில் கோப்பல் என்ற நறுமண மரப்பிசினைப் புகைத்து மாயர் வழிபாடு நடக்கும். அந்தப் படிகள் வழிபடுவோருக்கு உரியவை. நீங்கள் பக்கவாசல் வழியாக உள்ளே செல்லுங்கள், உள்ளே கேமராவை வெளியே எடுக்காதீர்கள். சாந்தியாகோ அத்தித்லானில் சுருட்டும் தொப்பியுமாக வீற்றிருக்கும் மாஷிமோன் என்ற தெய்வ உருவை ஆண்டுக்கொரு வீடு ஏற்றுப் பராமரிக்கிறது. அங்கே சிறு காணிக்கையும் படத்துக்குத் தனிக் கட்டணமும் உண்டு; பேரம் பேசுவது அழகல்ல.

குழந்தைகளை மட்டும் பெற்றோரின் அனுமதியின்றி எடுக்கவே கூடாது. பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருக்கிறார்கள் என்ற வதந்தியால் 2000ஆம் ஆண்டில் தோதோஸ் சாந்தோஸ் ஊரில் ஒரு ஜப்பானியப் பயணியும் பேருந்து ஓட்டுநரும் கும்பலால் கொல்லப்பட்டனர்.

கேள்வி: கைத்தறி என்று சொல்லி இயந்திரத் துணியை விற்றுவிடுவார்களா?

விற்பார்கள். உய்பில் எனப்படும் பெண்களின் மேலாடையை வாங்கும்போது நான்கு ஓரங்களையும் பாருங்கள். இடுப்பில் பட்டை கட்டி, மறுமுனையை மரத்திலோ தூணிலோ மாட்டி நெய்யும் தறியில் துணியை வெட்டி எடுப்பதில்லை என்பதால், நான்கு பக்கமும் கரை மூடியே இருக்கும். அகலம் நெய்பவரின் கைவீச்சுக்கு உட்பட்டது. ஆகையால் இரண்டு மூன்று பட்டைகளை இணைத்துத் தைத்திருப்பார்கள். ஒரே அகலத் துணியில் வெட்டித் தைத்திருந்தால் அது வேறு சரக்கு. அத்தித்லான் ஏரிக்கரையில் உள்ள சான் குவான் லா லகூனாவில் பெண்களின் கூட்டுறவுக் குழுக்கள் பட்டை, இலை, பூச்சி ஆகியவற்றிலிருந்து சாயம் எடுத்துக் காட்டுகின்றன. அங்கே விலை அதிகம், நியாயமும் அதிகம். நல்ல உய்பில் ஒன்றுக்கு மாதக்கணக்கில் உழைப்பு தேவை என்பதால் பாதி விலைக்குக் கேட்காதீர்கள்.

கேள்வி: நாங்கள் சைவம். பட்டினி கிடக்க நேருமா?

நேராது. சுண்ணாம்பு நீரில் வேகவைத்து அரைத்த மக்காச்சோள ரொட்டி, கருப்பு அவரை, அவகாடோ, பழுத்த சமையல் வாழையை மசித்து உள்ளே இனிப்பு அவரை வைத்துப் பொரிக்கும் ரெயெனீத்தோஸ் எல்லாம் எங்கும் உண்டு. அவரையில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது வழக்கம் என்பதால் "சின் மான்தேகா" என்று சொல்லுங்கள். இறைச்சி வேண்டாம் என்றால் கோழி வரக்கூடும், எனவே "சின் போயோ" என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: உலகச் சந்தையில் நம் போடிநாயக்கனூர் ஏலக்காய்க்குப் பெரும் போட்டி, குவாத்தமாலாவின் ஆல்தா வெராபாஸ் மலைகளில் விளைவதுதான். ஆனால் பெரும்பகுதி ஏற்றுமதியாகிவிடுவதால் உள்ளூர்ச் சமையலில் அதைத் தேடாதீர்கள்.

கேள்வி: எப்போது செல்வது? விசா?

நவம்பர் முதல் ஏப்ரல் வரை வறண்ட பருவம். நவம்பர் 1 அன்று ஆன்டிகுவாவுக்கு அருகே உள்ள சும்பாங்கோவில் இராட்சதக் காகிதப் பட்டங்களையும், புனித வாரத்தில் ஆன்டிகுவாத் தெருக்களில் வண்ண மரத்தூள் கோலங்களையும் காணலாம். புனித வாரத்துக்கு அறையைப் பல மாதங்களுக்கு முன்பே பதிவு செய்ய வேண்டும். விசா விதிகளைப் புது தில்லியில் உள்ள குவாத்தமாலாத் தூதரகத்தில் கேட்டு உறுதி செய்யுங்கள். அமெரிக்கா வழியாக விமானம் மாறினால், இந்தியக் கடவுச்சீட்டுக்கு அமெரிக்க விசாவும் வேண்டும் என்பதைப் பயணச்சீட்டு வாங்கும் முன் கவனியுங்கள்.