மேல் வீட்டுச் சத்தம்: கேள்வி பதில்

கோலாலம்பூர் அடுக்குமாடிக் குடியிருப்புகளில், அடிபட்ட பெண்களுக்குத் துணையாகக் காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் பல ஆண்டுகளாகப் போய்வருகிறேன். இந்த வாரம் வந்த கேள்விகளுக்குப் பதில்கள் இதோ.

மேல் வீட்டில் பாத்திரம் உருள்கிறது, பெண் அழுகிறாள். "புருஷன் பெண்டாட்டி சண்டையில் தலையிடாதே" என்கிறார் என் கணவர். — செந்தூல் வாசகி

தலையிடுங்கள், ஆனால் தனியாகப் போகாதீர்கள். "ஏன் அடிக்கிறாய்?" என்று வாசலில் நின்று கேட்கவும் வேண்டாம்; அதற்கான பழியை அவள்தான் பிறகு சுமப்பாள். எங்கள் அடுக்குமாடித் தொகுதியில் ஒரு பாட்டி இருந்தார். சத்தம் கேட்டால் பேரனைக் கூட்டிக்கொண்டு, காலிக் கிண்ணத்தோடு போய்க் கறிவேப்பிலை கேட்பார். அடிக்கிறவன் கதவைத் திறந்து பதில் சொல்வதற்குள் ஓங்கிய கை இறங்கிவிடும். கறிவேப்பிலை வாங்காமல் பாட்டி நகர மாட்டார். கத்தி, கொலை மிரட்டல், குழந்தையின் அலறல் என்றால் கிண்ணத்தை எடுக்காதீர்கள், 999-ஐ அழையுங்கள்.

மறுநாள் மின்தூக்கியில் அவள் தனியாக அகப்பட்டால், "நேற்று சத்தம் கேட்டது, எந்த நேரமும் என் கதவைத் தட்டு" என்று சொன்னால் போதும். வாட்ஸ்அப்பில் எழுதாதீர்கள். அவள் கைபேசியை அவனும் பார்க்கலாம்.

கோயிலில் தாலி கட்டினோம், பதிவு செய்யவில்லை. எனக்குச் சட்டம் உதவுமா? — கெப்போங்

உதவும். 1994-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம், சமய அல்லது வழக்கப்படி சடங்கு செய்து வாழ்பவரையும், பதிவு இல்லாவிட்டாலும், வாழ்க்கைத் துணையாகவே கொள்கிறது. "பதிவில்லாத உனக்கு என்ன உரிமை?" என்று அவர் மிரட்டினால் மிரளாதீர்கள். முன்னாள் மனைவிக்கும் இச்சட்டத்தில் இடம் உண்டு.

போலீஸ் புகார் கொடுத்தால் அவருக்கு வேலை போய்விடும். அடி மட்டும் நின்றால் போதும் அக்கா. — பத்துமலை

இப்படிச் சொல்லாத பெண்ணை நான் அபூர்வமாகவே பார்த்திருக்கிறேன். உங்களை அவர் துன்புறுத்தக் கூடாது என்று தடுக்கும் அவசரப் பாதுகாப்பு ஆணை 2018 முதல் நடப்பில் இருக்கிறது. அடித்தாலும், அடிப்பேன் என்று அச்சுறுத்தினாலும், சமூக நல இலாகா அதிகாரியிடம் கேட்கலாம், புகார் தேவையில்லை. விண்ணப்பித்த 2 மணி நேரத்துக்குள் தர வேண்டும், 7 நாள் செல்லும். அதற்கு மேல் பாதுகாப்பு வேண்டுமானால் புகார் கொடுத்தாக வேண்டும். விசாரணை முடியும்வரை இடைக்கால ஆணையை மாஜிஸ்திரேட் தருவார்.

அழைக்க வேண்டிய எண் 15999, தாலியான் காசிஹ் என்ற அரசு உதவித் தொலைபேசி. (மலாயில் தாலியான் என்றால் தொலைபேசி இணைப்பு, நம் தாலிக்கும் அதற்கும் உறவில்லை.) காயம் இருந்தால் முதலில் அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். அங்கே மருத்துவரின் குறிப்பும் கிடைக்கும். பின்னால் அதுதான் சாட்சி.

ஆலய நிர்வாகத்தில் இருக்கிறேன். இருவரையும் அழைத்துச் சமாதானம் பேசி அனுப்புகிறோம். தவறா?

நோக்கத்தில் தவறில்லை ஐயா, முறையில் இருக்கிறது. அவனருகே உட்கார வைத்துக் கேட்டால் அவள் "ஒன்றுமில்லை அண்ணே" என்றுதான் சொல்வாள். வெளியே சொன்ன குற்றத்துக்கு வீடு திரும்பும் காரிலேயே தண்டனை தொடங்கிவிடும். அவளிடம் தனியாக, இன்னொரு பெண் பேசட்டும். "பிள்ளைகளுக்காகப் பொறுத்துப்போ" என்ற வாக்கியத்தை மட்டும் நிர்வாகமே தடை செய்துவிடலாம். பிள்ளைகள் சுவருக்கு அந்தப் பக்கம் விழித்துக்கொண்டுதான் படுத்திருக்கிறார்கள்.

அவனிடம் அவன் மதிக்கும் ஆண்கள் பேச வேண்டும். "குடியால் வந்தது" என்பான். அதே குடியில் மேலாளரை ஏன் அடிக்கவில்லை என்று கேளுங்கள்.

ஒன்றை மறக்காதீர்கள்: கழுத்தை நெரித்தான் என்று அவள் சொன்னால் அது சாதாரணச் சண்டையே அல்ல, உயிருக்கு ஆபத்து. அவள் விட்டுப் போக முடிவெடுக்கும் நாட்களும் அப்படியே. அப்போது சமாதானக் கூட்டம் போடவே கூடாது.

காதலன் பின்தொடர்ந்து தொல்லை தருகிறான். — பிரிக்பீல்ட்ஸ்

திருமணம் இல்லாததால் குடும்ப வன்முறைச் சட்டம் பொருந்தாது. ஆனால் பின்தொடர்ந்து தொல்லை தருவது 2023 முதல் தண்டனைச் சட்டம் 507ஏ பிரிவின்கீழ் குற்றம். தேதி, நேரம், குறுஞ்செய்திப் படங்களைச் சேர்த்துக்கொண்டு காவல் நிலையம் போங்கள்.

மருமகளின் சம்பள அட்டையை என் மகன் வைத்திருக்கிறான். பஸ்ஸுக்குக்கூட அவனிடம்தான் கேட்க வேண்டும். அடிப்பதில்லை. நான் பேசலாமா?

பேசுங்கள் அம்மா, அவன் இன்னும் கை ஓங்காத காலம் இது. மருமகள் வீட்டில் இல்லாத நேரமாகப் பாருங்கள். அவள் தூண்டிவிட்டதாக அவன் நினைக்கக் கூடாது. "அட்டையைக் கொடுத்துவிடு" என்பதோடு நிறுத்தாதீர்கள், ரகசிய எண்ணையும் அவள் மாற்றிக்கொள்ளட்டும்.