கடலில் காற்றாலைக்கான இடத்தை அரசே முன்கூட்டித் தீர்மானிப்பது ஏன்?

கடற்பரப்பில் மீன்பிடிப்பு, கப்பல் போக்குவரத்து, காற்றாலை ஆகியவற்றுக்கு எந்தெந்தப் பகுதியை ஒதுக்குவது என்று அரசு முன்கூட்டியே வகுப்பதைக் கடல்சார் இடத்திட்டமிடல் என்கிறோம்.

கடலுக்குத் தனியார் பட்டா கிடையாது. கரையிலிருந்து 200 கடல் மைல் வரை காற்றிலிருந்து ஆற்றல் பெறும் உரிமையை 1982ஆம் ஆண்டின் ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கை கடலோர நாட்டுக்கே அளிப்பதால், இடத்தைப் பகிர்ந்தளிக்கும் பொறுப்பும் அந்த நாட்டின் அரசையே சேர்கிறது. மனைகளை விற்பதற்கு முன்பே சாலையும் வடிகாலும் செல்லும் வழியை வரைபடத்தில் குறித்துக்கொள்வதைப் போன்றது இது.

1991இல் டென்மார்க்கின் விண்டெபியில் உலகின் முதல் கடல் காற்றாலைப் பண்ணை அமைந்தபோது அதில் 11 காற்றாலைகளே இருந்தன. இன்றைய பெரிய பண்ணைகளோ நூற்றுக்கும் மேற்பட்டவற்றுடன் பல நூறு சதுர கிலோமீட்டர் பரப்பில் விரிகின்றன. ஆகவே காற்றின் வேகம், நீரின் ஆழம், கடலடி மண், வலசைப் பறவைகளின் பாதை, கரைக்கு மின்வடம் வரும் வழி ஆகிய அனைத்தையும் ஆராய வேண்டியுள்ளது. இவை எல்லாவற்றுக்கும் முன்பு மீனவர்களுடனான கலந்தாய்வே நடக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வரைபடத்தில் வெற்றிடமாகத் தெரியும் நீர்ப்பரப்பு ஒருவரின் வாழ்வாதாரமாக இருக்கக்கூடும்.

ஒரு பகுதி ஒதுக்கப்பட்டாலே கட்டுமானத்துக்கு அனுமதி கிடைத்துவிட்டதாகப் பலர் கருதுகின்றனர். பெரும்பாலான நாடுகளில் அதன் பின்னரே ஒவ்வொரு திட்டத்துக்கும் தனியே சுற்றுச்சூழல் மதிப்பீடும் ஒப்புதலும் தேவைப்படுகின்றன.